கற்பூரம் அடித்துக் கேட்ட தீர்ப்பு

எனக்கு இருபத்தெட்டு வயதில் பணி ஓய்வு விழா நடத்திவிட்டார்கள். செங்கல்பட்டில் நான் படித்த கல்லூரியின் தமிழ் மன்ற மாணவிகள்தான் இந்தக் கூத்துக்குக் காரணம். சால்வை போர்த்தினார்கள். சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். கல்லூரி வாசலில் என் படத்தைப் போட்டு, 'விடைபெறும் சொற்புயலே' என்று ஆளுயரப் பேனர் வைத்தார்கள். விழாவுக்கு நான் போய் இறங்கியபோது, அந்தப் பேனரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னாம்மா நீ! இத்தினி சின்ன வயசுல பூட்டியேன்னு ஒரு நிமிஷம் பேஜாராயிட்சு. உயிரோட வந்து எறங்குற!"

உயிரோடுதான் இருக்கிறேன். பட்டிமன்றப் பேச்சாளர் வேலையிலிருந்து மட்டும்தான் ஓய்வு. எட்டு ஆண்டுகள் செங்கல்பட்டு மாவட்டத்தில் திருவிழா நடக்கிற ஊரெல்லாம் மேடை ஏறிவிட்டேன். இப்போது கிராம நிர்வாக அலுவலர் தேர்வில் தேறி வேலையும் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். இப்போது ஒரு ஊருக்கே பட்டாவும் சிட்டாவும் பார்க்கப் போகிறேன். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. கேட்பவர்களுக்கு அலுத்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விழாவில் முதலாமாண்டு மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "அக்கா, விவாதம் பண்றது, சண்டை போடறது, கலந்து பேசறது, மூணுமே வாயாலதான பண்றோம்? இன்னா வித்தியாசம்?" பதில் சொல்ல இரண்டு நிமிடம்தான் தந்தார்கள். பட்டிமன்றத்துக்காரியிடம் இரண்டு நிமிடம் தருவது, பசித்தவனிடம் அரை இட்லி தருவது போல. அதனால்தான் இதைக் கல்லூரி மலருக்கு எழுதுகிறேன்.

முதலில் சண்டையைப் பார்த்துவிடலாம். அதில் எனக்குப் பிறவியிலேயே பயிற்சி உண்டு.

படாளத்துக்கு உள்ளே எங்கள் ஊர். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டும் களை பறித்தும் வளர்ந்தவர்கள். இப்போது நைனா லாரியில் லோடு ஏற்றுகிறார், அம்மா ஒரு கம்பெனி கேன்டீனில் சமைக்கிறாள். இருவரும் சண்டை போட்டால் அது குழம்பில் உப்பு இல்லை என்று தொடங்கி, அவர்கள் கல்யாணத்தில் பந்தியில் யாருக்கு அப்பளம் வைக்கவில்லை என்பதில் போய் முடியும். அம்மா கேட்பாள்: "இந்த வூட்டுக்கு நீ இன்னாத்த கிழிச்ச?" நைனா வெள்ளந்தி. அதைக் கேள்வி என்றே நினைத்துக்கொள்வார். "ஓடு மாத்தினேன், கெணத்துக்கு மோட்டார் வச்சேன், பொண்ண படிக்க வச்சேன்" என்று விரல் விட்டுச் சொல்லத் தொடங்குவார். ஒவ்வொரு விரலுக்கும் அம்மாவின் கோபம் ஒரு படி ஏறும். பதினொரு வயதிலேயே எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. சண்டையில் கேட்கப்படும் கேள்விக்குப் பதில் சொல்பவன்தான் பெரிய குற்றவாளி.

கல்லூரிக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் ஆண்டில் மேடையில் நின்று 'அவையோர்க்கு வணக்கம்' சொல்லிவிட்டு, அதற்கு மேல் ஒன்றும் வராமல் திரும்ப ஒருமுறை வணக்கம் சொல்லி இறங்கினேன். மூன்றாம் ஆண்டில் மாநிலப் போட்டியில் கோப்பை வாங்கினேன். அதைப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது, நடத்துனர் கோப்பைக்கும் டிக்கெட் போடுவேன் என்று வம்பு செய்தார். அந்தப் போட்டிக்கு நடுவராக வந்திருந்த சிவக்கொழுந்து ஐயா என்னைத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார்.

ஐயாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பழகியதாலோ என்னவோ, எதிரே யார் நின்றாலும் குனிந்து, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, சுருக்கமாகத்தான் பேசுவார். அவர் எழுத்துத் தமிழ் தவிர வேறு பேசி நாங்கள் கேட்டதில்லை. டீக்கடையில் நின்று, "தம்பி, சர்க்கரை குறைவாக ஒரு தேநீர் வழங்க இயலுமா?" என்பார். கடைக்காரர் உள்ளே திரும்பி, "ஒரு டீ, சக்கர கம்மி" என்று கத்துவார். கஞ்சி போட்ட வேட்டி, மிளகு தட்டிப் போட்ட வெந்நீர், ஒரு பித்தளை மணி. இவை மூன்றும் இல்லாமல் ஐயா ஊர் எல்லையைத் தாண்ட மாட்டார். அந்த மணியை வேறு யாரும் தொடக் கூடாது. வேன் ஓட்டுநர் ஒருமுறை துடைத்து வைக்கிறேன் என்று எடுத்ததற்கு, மதுராந்தகம் வரும்வரை ஐயா அவரோடு பேசவில்லை.

எங்கள் வழக்கம் இது. ஐயா நடுவர். ஆறு பேச்சாளர்கள், அணிக்கு மூவர். தலைப்பு முன்பே தெரியும். யார் எந்த அணி என்பது மட்டும் வேனில் போகும்போதுதான் தெரியும். வழியில் டீ குடிக்க நிறுத்தும் இடத்தில் ஐயா ஒவ்வொரு ஜோடியிடமும் இரண்டு கைகளையும் மூடி நீட்டுவார். ஒரு கையில் ஏலக்காய், மற்றதில் கிராம்பு. இரண்டும் தொண்டைக்கு நல்லது என்பதால் எப்போதும் அவர் பையில் இருக்கும். ஏலக்காய் எடுத்தவர் தலைப்பின் முதல் பாதிக்குப் பேச வேண்டும், கிராம்பு எடுத்தவர் இரண்டாம் பாதிக்கு. அதை வாயில் போட்டு மென்றபடியே, போன வாரம் எதை எதிர்த்து உயிரைக் கொடுத்துப் பேசினோமோ அதையே ஆதரித்து யோசிக்கத் தொடங்குவோம். மேடையில் பத்து நிமிடம். ஒருமுறை மணி அடித்தால் முடிக்கத் தயாராக வேண்டும், இருமுறை அடித்தால் பாதி வார்த்தையானாலும் உட்கார வேண்டும். எனக்கு அந்தப் பத்து நிமிடம் கள் குடித்தது போல இருக்கும். கள் குடித்ததில்லை, குடித்தவர்களைப் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

எனக்கு எப்போதும் எதிரணியில் வாய்ப்பவள் ரெஜினா. அச்சரப்பாக்கத்துக்காரி, பள்ளி ஆசிரியை, மாதா கோயில் பாடகர் குழுவில் பாடிப் பாடிக் குரலை மணி போல வைத்திருப்பவள். மேடையில் நான் அவளைக் 'கிணற்றுத் தவளை' என்பேன். அவள் என்னைக் 'காற்றில் பறக்கும் பாலிதீன் பை' என்பாள். கூட்டம் விசிலடிக்கும். அவள் ஊரிலேயே ஒரு திருவிழாவில் இப்படிப் பேசி முடித்துவிட்டு, இருவரும் பக்கத்து ஓட்டலில் ஒரே தட்டில் தோசையைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தோம். கூட்டத்தில் முன்வரிசையில் இருந்த ஒருவர் உள்ளே வந்தார். எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது? அங்க அந்தக் கிழி கிழிச்சிகினு, இங்க வந்து ஒரே தோசைய துண்றீங்க?"

"அது பட்டிமன்றம் அண்ணா. இது பசி" என்றாள் ரெஜினா.

"அப்ப அங்க போட்டது சண்ட இல்லியா? ரெண்டு பேரையும் சமாதானம் பண்ணி வெக்கலாம்னு என் பொண்டாட்டிய வேற கூட்டிகினு வந்துகீறேன்!"

வாசலில் அவர் மனைவி மல்லிகைப்பூவோடு நின்றிருந்தார். பூவை வாங்கி இருவரும் பாதி பாதி வைத்துக்கொண்டு சமாதானம் ஆனோம். வேறு வழியில்லை.

ஆனால் நிஜச் சண்டையும் போட்டிருக்கிறோம். வேனில் சன்னலோர இருக்கைக்காக. அதில் கிணற்றுத் தவளை போன்ற அழகான உவமையெல்லாம் வரவில்லை. "உனக்குத் திமிரு" என்றாள். "உனக்கு மட்டும் கொறச்சலா?" என்றேன். அவள் என்றைக்கோ திருப்பித் தராத குடை வந்தது, நான் அவள் தம்பி கல்யாணத்துக்கு வராதது வந்தது. ஒரு மாதம் பேசவில்லை. மேடையில் மட்டும் 'அன்புச் சகோதரி' என்று சொல்லிக்கொண்டோம். விவாதத்துக்கு நேரம், முறை, மணி எல்லாம் உண்டு, இறங்கியதும் முடிந்துவிடும். சண்டைக்கு மணி அடிக்க ஆள் இல்லை. இவ்வளவுதான் வித்தியாசம் என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். மூன்றாவதான கலந்து பேசுவது என்பது அலுவலகத்தில் பிஸ்கட் வைத்து நடத்துவது, நமக்கு அதில் வேலை இல்லை என்றும் நினைத்திருந்தேன்.

அப்புறம்தான் அந்தக் குப்பம் வந்தது.

திருவிடந்தையைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கம் இறங்கினால் வரும் மீனவர் ஊர். அம்மன் கோயில் திருவிழா. விடியுமுன் கடலுக்குப் போகிறவர்கள் என்பதால் பட்டிமன்றத்தை மாலை நான்கு மணிக்கே வைத்திருந்தார்கள். தலைப்பு: 'ஊர் செழிக்கப் பெரிதும் துணை நிற்பது பரம்பரைத் தொழிலா? புதிய வருமானமா?' திருக்கழுக்குன்றத்தில் டீ குடிக்கும்போது ரெஜினாவுக்கு ஏலக்காய் வந்தது. எனக்குக் கிராம்பு. புதிய வருமானம்! எனக்கு அல்வா மாதிரியான தலைப்பு.

போய் இறங்கியதும் ஒன்றைக் கவனித்தோம். கூட்டம் இரண்டு பாதியாக உட்கார்ந்திருந்தது. இடது பக்கம் முழுக்கப் பெண்கள், சில வயதான ஆண்கள். வலது பக்கம் ஒரே நிறத்தில் டி-சர்ட் போட்ட இளைஞர்கள். நடுவில் ஒரு ஆள் நடக்கிற அளவுக்கு மணல் காலியாக இருந்தது. யாரும் யாரோடும் பேசவில்லை.

"எவ்வளவு பண்பட்ட ஊர் பார்த்தீர்களா!" என்று ஐயா மகிழ்ந்துபோனார்.

ரெஜினா பேசினாள். இடது பக்கம் கை தட்டியது, வலது பக்கம் கல்லாக இருந்தது. அவளுடைய நகைச்சுவைக்குக்கூட அங்கே ஒருவர் சிரிக்கவில்லை. அடுத்து நான். "என் நைனாவின் பரம்பரைத் தொழில் அடுத்தவர் வயலில் குனிந்து களை பறிப்பது. அதையே கட்டிக்கொண்டு இருந்திருந்தால் இன்று உங்கள் முன் நிமிர்ந்து நின்று பேசுவது யார்?" என்றேன். இது எந்த அணியிலும் எனக்குக் கை கொடுக்கும் வரி. என் வாழ்க்கை என்பதால் யாராலும் மறுக்க முடியாது. வலது பக்கம் விசில் பறந்தது. அந்த உற்சாகத்தில் எனக்குத் தலை கிறுகிறுத்தது. இன்னும் உயரப் பறக்க வேண்டும் போல இருந்தது. வரும் வழியில் பார்த்தது நினைவுக்கு வந்தது.

"உங்கள் கோயிலுக்குப் பக்கத்திலேயே எவ்வளவு பெரிய இடம்! அங்கே என்ன காய்கிறது? கருவாடு! அதே இடத்தில் சுற்றுலா வருகிறவர்களின் கார்கள் நின்றால் இந்த ஊரே செழிக்காதா?"

இளைஞர்கள் எழுந்து ஆடத் தொடங்கிவிட்டார்கள். ஒருவன் நாற்காலி மேல் ஏறி டி-சர்ட்டைக் கழற்றிச் சுற்றினான். என் தொழில் வாழ்க்கையில் அப்படியொரு வரவேற்பு கிடைத்ததில்லை. நான் சிரித்தபடி இடது பக்கம் திரும்பினேன். பெண்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றிருந்தார்கள். முன்வரிசையில் இருந்த அக்கா ஒருவர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மேடையடிக்கே வந்துவிட்டார்.

"ஏ பொண்ணு! கீய எறங்கு! நல்லா படிச்சிகீறல்ல? எறங்கி வந்து காட்டு, கருவாட்ட எங்க காய வெக்கறதுன்னு. என் தலைமேல காய வெக்கட்டா?"

திருவிழாக் குழுத் தலைவர் ஓடி வந்தார். "ஏ தனம், போய்க் குந்து! தீர்ப்பு வர்ற வரிக்கும் யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு கற்பூரம் அடிச்சமா இல்லியா?"

"என்ன கற்பூரம்?" என்று ஐயா கேட்டார். ஒலிபெருக்கி அதைக் கடல்வரை கொண்டுபோனது.

தலைவர் மேடையேறி வந்து பணிவாகச் சொன்னார். அந்த மணல் திட்டு ஊருக்குப் பொது. பெண்கள் அதில் காலங்காலமாகக் கருவாடு காயவைக்கிறார்கள். இளைஞர் சங்கம் அதில் கார் நிறுத்த இடம் போட வேண்டும் என்கிறது. ஊர்க்கூட்டம் போட்டுப் போட்டுப் பார்த்துவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் அடிதடிதான். பக்கத்துக் குப்பத்தில் போன வருடம் எங்கள் பட்டிமன்றத்தைப் பார்த்தபோதுதான் இவருக்கு யோசனை வந்திருக்கிறது.

"நீங்க ஒரு மணி அடிச்சா அத்தினி பேரும் கம்முனு ஆயிட்டாங்க சார். தீர்ப்பு சொன்னீங்க, எதிர்த்து ஒரு ஆளு பேசல. எங்க ஊர்ல அப்டி ஒண்ணு நடந்ததே இல்ல. அதான், ரெண்டு தரப்பும் அம்மன் எதிர்ல கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணிட்டோம். இன்னிக்கு நீங்க சொல்றதுதான். எடம் யாருக்குனு சொல்லிடுங்க."

நான் ஐயாவைப் பார்த்தேன். அவர் வெந்நீர் டம்ளரைக் கீழே வைத்தார். ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு எங்கள் பக்கம் குனிந்தார். நான் பார்த்து முதன்முறையாக அவருடைய எழுத்துத் தமிழ் உடைந்தது.

"வேன் எங்கமே நிக்குது?"

ரெஜினாவுக்குச் சிரிப்பு வெடித்தது. அடக்கப் பார்த்து விக்கல் வந்துவிட்டது. எனக்கோ அவளைப் பார்த்துச் சிரிப்பு, தனம் அக்காவைப் பார்த்ததும் அது நின்றது. நான் கிராம்பு எடுத்த ஒரே காரணத்துக்காக இந்த அம்மாவின் பிழைப்பு போகப்போகிறது. ஏலக்காய் எடுத்திருந்தால் அந்த டி-சர்ட் பையன்களின் கனவு போயிருக்கும்.

ஐயா சுதாரித்துக்கொண்டு கனைத்தார். "பெரியோர்களே! பரம்பரைத் தொழிலும் புதிய வருமானமும் ஓர் ஊரின்..."

"இரு கண்கள்னு சொல்லிடாதீங்க சார்" என்று தலைவர் கும்பிட்டார். "போன வருஷம் அங்க அதத்தான் சொன்னீங்க. இங்க எடம் ஒண்ணுதான் கீது."

கீழே இரண்டு பக்கமும் கத்தத் தொடங்கின. "உங்கப்பன் எங்க வலைய அறுத்தவன்தானடா?" என்று ஒரு குரல். "வூட்டுக்கு வூடு மூக்கப் பொத்திகினு வாழறோம்" என்று இன்னொன்று. நடுவில் விட்டிருந்த காலி மணலில் கால்கள் விழுந்தன.

நான் மேசைக்குப் போய் ஐயாவின் மணியை எடுத்து அடித்தேன். இரண்டு முறை இல்லை, கை வலிக்கும்வரை.

சட்டென்று அமைதி. தலைவர் சொன்னது உண்மைதான், அந்த மணிக்கு ஒரு சக்தி இருந்தது. ஐயா என்னை, கோயில் நகையைத் தொட்டவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். என் கையில் கேள்வி மட்டும்தான் இருந்தது. ஒலிவாங்கியோடு மேடையிலிருந்து குதித்தேன்.

"தனம்க்கா, ஒரு நாளைக்கு உங்களுக்கு எவ்வளவு இடம் தேவைப்படும்?"

"எந்த நாளைக்கு?" என்றார் தனம் அக்கா.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மேடையில் நான் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதிலை முதலிலேயே மடியில் கட்டிக்கொண்டு வந்துவிடுவேன். வீட்டுச் சண்டையில் அம்மா கேட்கும் கேள்விக்குப் பதிலே தேவையில்லை. இதுதான் முதல் தடவை, பதில் தெரியாமல் ஒருவரிடம் ஒன்று கேட்டு, அவர் என்ன சொல்லப்போகிறார் என்று காதை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். அந்த மாணவி கேட்ட வித்தியாசம் எனக்கு அங்கே, கொதிக்கிற மணலில், செருப்பு ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக நின்றபோது விளங்கியது.

தனம் அக்கா சொன்னார். நெத்திலி மீன் ஏராளமாகக் கிடைக்கும் நாளில் திட்டு முழுவதும் போதாது. கடலுக்குப் போக முடியாத காற்றுக் காலத்தில் ஒரு மூலையே அதிகம். ஒலிவாங்கியை வலது பக்கம் கொண்டுபோனேன். நாற்காலி மேல் ஏறி ஆடியவன் பெயர் டில்லி. டி-சர்ட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டு வெட்கத்தோடு எழுந்தான்.

"காரு எப்போதெல்லாம் வருகிறது தம்பி?"

"சனி, ஞாயிறுக்கா. லீவு நாள்ல வரும். மத்த நாள்ல நாய்ங்கதான் படுத்துகினு கீது."

"டேய்!" என்று தனம் அக்கா ஒலிவாங்கி இல்லாமலே கத்தினார். "அத்த ஏன்டா இத்தினி நாளா சொல்லல? தெனமும் காரு நிக்கப்போவுதுன்னுல்ல நெனச்சிகினு கீறோம்!"

"நீ எங்க கேட்ட சித்தி? நாயே பேயேன்னு தான திட்டுன?"

"உன்ன திட்டாம? குந்த வெச்சு பூஜ பண்ணுவாங்களா?"

ஊரே சிரித்தது. இரண்டு பக்கமும் ஒன்றாகச் சிரித்த முதல் சிரிப்பு அது. ஒலிவாங்கி என் கையிலிருந்து எப்போது போனது என்று தெரியவில்லை. வண்டிச் சக்கரத்தில் வரும் மண்ணும் எண்ணெயும் கருவாட்டில் படிவதுதான் பெண்களின் முதல் பயம் என்று தெரிந்தது. வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போவதுதான் பையன்களின் கவலை. தரையை விட்டு உயரமாகப் பரண் போட்டுக் காயவைத்தால் மண் படாதே என்று ஒரு பெண் சொன்னாள். பரண் போட்டுவிட்டுப் பிறகு பிடுங்கச் சொல்ல மாட்டீர்களே என்று தனம் அக்கா கேட்டார். மூக்கைப் பொத்துகிறவனிடமே கருவாட்டைப் பொட்டலம் கட்டி விற்றால் என்ன என்று டில்லி சொன்னபோது, "கொய்ப்பப் பாரு, எங்கக்கா புள்ளல்ல" என்று தனம் அக்கா அவன் தலையில் தட்டினார்.

நடுநடுவே பழைய கதையும் வந்தது. "உங்க தாத்தா போட்ட சண்டையில" என்று யாராவது தொடங்கினால் போதும், கூட்டமே "மணி! மணி!" என்று கத்தும். ஐயா கண்கள் மின்ன, மணியை அடிப்பார். தன் வாழ்நாளில் அவர் அவ்வளவு அனுபவித்து மணி அடித்ததில்லை என்று நினைக்கிறேன்.

பொழுது சாய்ந்தது. பேச்சு முடிகிற மாதிரி இல்லை. தலைவருக்குத்தான் கவலை. "எல்லாம் சரி சார். கற்பூரம் அடிச்சுட்டமே. தீர்ப்பு சொல்லலன்னா சத்தியம் இன்னா ஆவறது? அம்மன் சும்மா வுடுமா?"

ஐயா எழுந்தார். மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு, தன் எழுத்துத் தமிழைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "தீர்ப்பு வழங்குகிறேன். இரு தரப்பும் பேசி ஒப்புக்கொள்ளும் நாள்வரை, அவ்விடம் இன்று எவ்வாறு உள்ளதோ அவ்வாறே இருத்தல் வேண்டும்."

தனம் அக்கா கும்பிட்டார். உடனே டில்லி எழுந்தான்.

"அது எப்டி சார்? அவங்க பேசி முடிக்காமலே இழுத்தா அவங்களுக்குத்தான லாபம்?"

நியாயமான கேள்வி. ஐயா கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். நான் ஐயாவின் காதில் சொன்னேன், ரெஜினா அதில் ஒரு திருத்தம் சொன்னாள், தலைவர் கடலுக்குப் போகாத நாளைச் சொன்னார். ஐயா மணியை ஒருமுறை அடித்துவிட்டு முடித்தார்: "ஒவ்வோர் அமாவாசையும் இரு தரப்பும் கூடிப் பேசுதல் வேண்டும். எந்தத் தரப்பு வரவில்லையோ, அத்தரப்பு அவ்விடத்தை இழக்கும்."

யாரும் கை தட்டவில்லை. ஒப்புக்கொண்டோம் என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்கிவிட்டார்கள். பரண் எவ்வளவு உயரம் என்பதில் இருந்தார்கள். நடுவில் விட்டிருந்த வழி எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. எங்களை வழியனுப்பக்கூட யாரும் திரும்பவில்லை. எட்டு ஆண்டு மேடையில் என்னை இப்படி முழுதாக மறந்த கூட்டம் வேறில்லை. எனக்கு அது அவ்வளவு பிடித்திருந்தது! வேனில் நானும் ரெஜினாவும் மாமல்லபுரம் வரும்வரை ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சன்னலோரத்தை அவளே எனக்கு விட்டுக்கொடுத்தாள். முன் இருக்கையில் ஐயா, "வேன் எங்கமே நிக்குது" என்று தனக்குத்தானே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு குலுங்கினார்.

அதெல்லாம் நடந்து இரண்டு திருவிழா ஆகிவிட்டது. அமாவாசை தவறாமல் கூட்டம் நடக்கிறது என்று அவ்வப்போது கேள்விப்படுவேன். வேலை கிடைத்த செய்தியைச் சொல்லப் போன வாரம் தனம் அக்காவுக்குப் போன் செய்தேன். அன்றைக்கும் அமாவாசை. பின்னால் ஒரே இரைச்சல்.

"வி.ஏ.ஓ. ஆயிட்டியா கண்ணு? நல்லாயிரு! இங்க கூட்டம் நடந்துகினு கீது. டில்லிதான் கத்தறான்."

"இன்னமும் அந்த இடம் முடிவாகவில்லையா அக்கா? யார் இழுத்தடிக்கிறார்கள்?"

தனம் அக்கா போனைப் பொத்திக்கொண்டு தள்ளி வந்தது மூச்சில் தெரிந்தது.

"அது அப்பவே முடிஞ்சிட்சு கண்ணு. வடக்க பரணு, தெக்க காரு. சனி ஞாயிறுல என் கருவாட்ட அவந்தான் வித்துத் தர்றான். ரெண்டு பக்கத்துக்கும் சரிதான்."

"பிறகு எதற்கு அக்கா இன்னும் கூட்டம்?"

"முடிஞ்சிட்சுன்னு யாரும் சொல்லல" என்றார் தனம் அக்கா, குரலை இன்னும் தாழ்த்தி. "சொல்லிட்டா அடுத்த அமாவாசைக்கு யாரு வருவா? நீ எங்கயும் வாய வுட்டுடாத, இன்னா?"